இன்னொரு மயக்கம் வேண்டாம் என்றேன்

எல்.கே.ஜி. மிஸ் என்னை அவசரமாக வரச் சொன்ன அன்று நான் ஷூ கம்பெனியின் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தேன். அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். மிஸ் நல்ல பெண்தான். ஆனால் அவர் சொன்ன விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

"உங்க பொண்ணுக்கு சொல்றது எதுவும் மண்டையில ஏறவே மாட்டேங்குதுங்க. பையை எடுன்னா தட்டை எடுக்கிறா. காலையில சொல்லிக் குடுத்தத மத்தியானம் கேட்டா முழிக்கிறா. டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

இனியாவுக்கு அப்போது நாலு வயது. மிஸ்ஸின் மேஜைக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சாக்பீஸ் துண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி இரண்டு பேர் இவ்வளவு பேசியும் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அங்கேயே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

சின்ன வயதில் குழந்தைக்கு ஆபரேஷன் செய்துவிட்டு, இப்போது அது கொஞ்சம் மந்தமாக இருக்கிறதோ என்று பயந்து போனில் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆம்பூரில் ஷூ சரிபார்ப்பவள். நான் செய்த தப்பை நீங்களும் செய்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இனியா பிளவு உதட்டோடும் அண்ணப்பிளவோடும் (வாயின் மேற்கூரை நடுவில் சேராமல் இடைவெளி விட்டிருப்பது) பிறந்தாள். அவளுக்குப் பால் குடிக்க வராது, குடித்தது மூக்கு வழியாக வரும். வேலூருக்குப் போய் வந்து, நாலாவது மாதத்தில் உதட்டைத் தைத்தோம். ஒரு வயது முடிந்ததும் அண்ணத்தைச் சேர்த்தார்கள். அதில் ஒரு சின்ன ஓட்டை மிச்சம் நின்றதால் இரண்டரை வயதில் மறுபடியும் தைத்தார்கள். மூன்று ஆபரேஷனும் பொது மயக்கத்தில்தான் (வலியும் நினைவும் இல்லாமல் மருந்தால் ஆழ்ந்து தூங்க வைப்பது) நடந்தன. மூன்றும் நன்றாகவே நடந்தன. ஒவ்வொரு முறையும் குழந்தையைக் கதவு வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, காலிக் கையோடு திரும்பி நடப்பேன். அந்த நடை எப்படி இருக்கும் என்று நடந்தவர்களுக்குத் தெரியும்.

மிஸ் சொன்ன மறுநாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்துத் தேடினேன். 'ஆபரேஷன் ஆன குழந்தை ஞாபக மறதி' என்று போட்டேன். ஒரு பக்கத்தில் அந்த எச்சரிக்கை இருந்தது. மூன்று வயதுக்குள் திரும்பத் திரும்ப அல்லது மணிக்கணக்கில் பொது மயக்கம் கொடுத்தால், வளரும் மூளையை அது பாதிக்க வாய்ப்புண்டு என்று எழுதியிருந்தது. குட்டி விலங்குகளின் மூளையில் செல்கள் செத்துப்போனதைப் பார்த்திருக்கிறார்களாம். நான் சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

என் பக்கத்து டேபிளில் வேலை செய்யும் ஷபானா போனை வாங்கிப் படித்துப் பார்த்தாள். "ஏ மாலா, இதெல்லாம் படிச்சா பேஜார்தான். கீழ இன்னும் இன்னா எழுதியிருக்கான்னு பாரு. 'உறுதியாகச் சொல்ல முடியாது'ன்னு போட்டிருக்கான்" என்றாள்.

"உறுதியா தெரியாமலா எழுதுவான்?" என்று அவள்மேல் பாய்ந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்!

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷூவில் ஒரு குறை தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிப் பெட்டியில் போடுவோம். அவசர ஆர்டர் என்றால் ஒரு அம்புக்கு மேல் ஒட்ட மாட்டோம். ஒரு குறை கிடைத்த பிறகு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சரிசெய்கிறவரும் அம்பு காட்டுகிற இடத்தை மட்டும்தான் பார்ப்பார். அந்தச் சாப்பாட்டு நேரத்தில் நான் என் மகளுக்கும் ஓர் அம்பு ஒட்டிவிட்டேன்.

என் கணவர் சேகர் இன்னொரு கம்பெனியில் தோல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். அவரிடம் சொன்னேன். "அப்ப செய்யாம விட்டிருக்கலாம்ன்றியா?" என்று கேட்டார். செய்யாமல் விட்டிருந்தால் குழந்தை எதைச் சாப்பிட்டிருக்கும், எப்படிப் பேசியிருக்கும்? பதில் எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவது என்றே தெரியாத ஆத்திரம் இருக்கிறதே, அதைவிடக் கொடுமை வேறில்லை.

இரண்டு வாரம் கழித்து ஃபைலைத் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் போனோம். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மயக்க மருத்துவர் என் வயதுப் பெண்தான். ஃபைலை முதல் பக்கத்தில் இருந்து பொறுமையாகப் படித்தார். நான் போனை அவர் முன்னால் நீட்டினேன்.

"இது உண்மையா மேடம்? என் பொண்ணு இப்படி ஆனதுக்கு அந்த மயக்கம்தான் காரணமா?"

"அப்படி ஒரு சந்தேகம் இருக்கிறது உண்மைதாங்க. ஒரே ஒரு தடவை, கொஞ்ச நேரம் குடுக்கிறதால பெரிய பாதிப்பு தெரியலன்னு நல்லாவே ஆராய்ஞ்சு பார்த்திருக்காங்க. பல தடவை குடுக்கும்போதுதான் தெளிவு இல்ல. சில பிள்ளைங்களுக்குக் கவனத்துல, படிப்புல கொஞ்சம் வித்தியாசம் தெரியுது. ஆனா பல ஆபரேஷன் தேவைப்படற பிள்ளைக்கு வேற பிரச்சினையும் கூடவே இருக்கும். எதனால எது வந்ததுன்னு பிரிக்க முடியல."

"இனியாவுக்கு?"

"இனியாவுக்கு இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. இதனால இல்லன்னும் சொல்ல முடியாது."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "தெரியாதுன்னு கேட்டுட்டுப் போறதுக்கா நாங்க பஸ் ஏறி வந்தோம்? மூணு தடவை கையெழுத்து வாங்கும்போது யாராவது மூளையப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

மூன்று முறையும் உட்கார வைத்து விளக்கத்தான் செய்தார்கள். குழந்தை உயிரோடு திரும்பி வருமா என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைத்ததும் நான்தான் மற்றதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் அன்று அதை ஒப்புக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "இங்க பாருங்க. மூணாவது ஆபரேஷனுக்கு அப்புறம் நடுக்காதுல நீர் இருக்குன்னு எழுதியிருக்காங்க (செவிப்பறைக்குப் பின்னால் பிசுபிசுப்பான நீர் தங்குவது; அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கு இது அடிக்கடி வரும்). குறையலன்னா ட்யூப் வைக்கணும், காது டெஸ்ட்டுக்கு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. நீங்க வரலையே?"

"ட்யூப் வைக்கிறதுக்கும் மயக்கம் குடுப்பீங்களா?"

"சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுக்கணும். கால் மணி நேரம் போதும்."

"இன்னொரு தடவையா? போதும் சாமி!" என்று ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் பின்னாலேயே வாசல் வரை வந்து, "மயக்கத்த அப்புறம் பேசலாம். டெஸ்ட்டுக்கு மயக்கமே தேவையில்ல. காத மட்டும் விட்டுடாதீங்க" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. டெஸ்ட் எடுத்தால் ட்யூப் என்பார்கள், ட்யூப் என்றால் மயக்கம் என்பார்கள். ஆகவே டெஸ்ட்டே வேண்டாம். என் கணக்கு இவ்வளவுதான்.

அதற்கடுத்த ஒன்றேகால் வருடம் நான் டாக்டர் ஆனேன். வல்லாரைக் கீரையைத் துவையல் அரைத்தேன். பாதாம் ஊறவைத்தேன். பட அட்டைகள் வாங்கினேன். கம்பெனியில் இருந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டு அவளை எதிரில் உட்கார வைத்து, யானை, பூனை, பானை என்று ஆரம்பிப்பேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஓரளவு சொல்வாள். அட்டையைப் பார்க்கச் சொல்லி நான் சொன்னால் தப்புத் தப்பாகச் சொல்வாள். யானையைக் காட்டச் சொன்னால் பானையைக் காட்டுவாள். "கவனம் இல்ல, மயக்கம்தான் இவள இப்படி ஆக்கிடுச்சு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நான் பேச ஆரம்பித்தால் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன். எங்கள் கம்பெனி ஹாலில் இருநூறு தையல் மெஷின்கள் ஓடும். சேகரின் இடத்தில் தோல் வெட்டும் அச்சு நாள் முழுக்க இடிக்கும். அங்கே யாரும் காதால் கேட்டுப் பேசுவதில்லை. எதிராளியின் உதட்டைப் பார்ப்போம், கையை ஆட்டுவோம், மிச்சத்தைக் கத்துவோம். வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம்தான். டிவி சத்தமாக ஓடும், நாங்கள் முகத்தைப் பார்த்துக் கத்திப் பேசுவோம். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு குழந்தை உதட்டைப் பார்த்துப் பேசினால் யாருக்குச் சந்தேகம் வரும்? அப்படியே அம்மாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று ஷபானாகூடச் சிரித்தாள். வேறு தொழில் செய்கிறவர்கள் வீட்டில் பிறந்திருந்தால் ஒரு மாதத்தில் கண்டுபிடித்திருப்பார்கள்.

ஒரு நாள் அடித்தேன். 'பூ' என்று சொல்லச் சொன்னேன், 'மூ' என்றாள். பத்து முறை சொல்லியும் 'மூ'. கன்னத்தில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே மறுபடி என் தாடையைத்தான் பிடித்தாள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பள்ளியில் எல்.கே.ஜி.யையே இன்னொரு வருடம் படிக்கட்டும் என்றார்கள். நான் பிரின்சிபலிடமும் சண்டை போட்டேன். "சின்ன வயசுல குடுத்த மயக்கத்தால என் பொண்ணு மூள பாதிச்சிருக்கு, நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எந்த டாக்டரும் சொல்லாததை, நிரூபிக்கப்பட்ட விஷயம் மாதிரி நானே சொன்னேன். அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஒரு சாயங்காலம் ஏழு மணி இருக்கும், கரண்ட் போய்விட்டது. டிவி நின்றது. நான் இருட்டில் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டே, "இனியா, பயப்படாத, அங்கயே உக்காரு, அம்மா வர்றேன்" என்றேன். பதில் இல்லை. "இனியா, அப்பாகிட்ட போடி" என்றேன். அதற்கும் பதில் இல்லை. விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. சேகரின் போனை எடுத்து டார்ச்சைப் போட்டிருந்தாள். இருட்டில் என்னைத் தேடி வந்து, ஸ்டூல்மேல் ஏறி, வெளிச்சத்தை நேராக என் வாய்மேல் அடித்தாள்.

"ம்மா, பேசு" என்றாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. சேகருக்குப் புரிந்துவிட்டது. அவர் மெதுவாக அவள் பின்னால் போய் நின்று, "இனியா, மிட்டாய் வேணுமா?" என்று கேட்டார். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் பக்கத்தில் வந்து கேட்டார். ஊஹூம். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி, வெளிச்சத்தை அவர் வாய்க்கு மாற்றினாள்.

"மாலா, அவளுக்குக் காது கேக்கல" என்றார் சேகர். "மூளையும் இல்ல ஒண்ணும் இல்ல. கேக்கலடி அவளுக்கு."

 என்ன மனுஷி நான்! ஃபைலில் எழுதியிருந்தது. டாக்டர் வாசல் வரை வந்து சொன்னார். ஒன்றேகால் வருடம் அந்த ஃபைலைப் பீரோவில் வைத்துப் பூட்டியது நான்தான்.

அந்த வாரமே வேலூருக்குப் போனோம். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் கருவி மாட்டி, சத்தம் கேட்டதும் ஒரு கட்டையைத் தட்டில் போடச் சொன்னார்கள் (எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று பார்க்கும் செவித்திறன் சோதனை). வெளியில் இருந்து பார்த்தேன். கட்டையைக் கையில் பிடித்தபடி, எப்போது போட வேண்டும் என்று தெரியாமல், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் முகத்தைத் தேடினாள்.

சோதனை செய்த பெண் என்னிடம், "ரெண்டு காதுலயும் விரல அழுத்தி வச்சுக்குங்க. இப்ப நான் பேசறத கேளுங்க. ஏறக்குறைய இப்படித்தான் அவளுக்குக் கேக்குது. சளி பிடிச்சா இன்னும் கம்மியாகும், சில நாள் கொஞ்சம் ஜாஸ்தியா கேக்கும்" என்றார். அதனால்தான் சில நாள் புத்திசாலியாகவும் சில நாள் மக்காகவும் தெரிந்திருக்கிறாள். உதட்டை மட்டும் பார்த்தால் 'பூ'வும் 'மூ'வும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது நான் ஓடிப்போன அதே விஷயம் எதிரில் வந்து நின்றது. ட்யூப் வைக்க வேண்டும் (செவிப்பறையில் சின்னத் துளை போட்டு, நீர் தேங்காமல் காற்று போய்வர மிகச் சிறிய குழாய் பொருத்துவது). மயக்கம் கொடுக்க வேண்டும். நாலாவது முறை.

அதே மயக்க மருத்துவர்தான் வந்தார். என்னை ஞாபகம் வைத்திருந்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை.

"இதால ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"குடுக்க மாட்டேன்" என்றார். "அப்படி யாராலயும் குடுக்க முடியாது. இப்ப அவளுக்கு அஞ்சு வயசு தாண்டிடுச்சு, வேலையும் கால் மணி நேரம்தான். எனக்குப் பெரிய பயம் இல்ல. ஆனா காது கேக்காம இன்னொரு வருஷம் போச்சுன்னா, அதுக்கு எனக்கு நிஜமாவே பயமா இருக்கு."

கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். கதவு வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போன நர்ஸ் முகக்கவசம் போட்டிருந்தார். வாய் தெரியாததால் இனியா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். 'மருந்து ஊதப் போறாங்க, தூங்கு' என்று சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

கால் மணி நேரம் என்றார்கள். வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் நான் எத்தனை சாமியைத் திட்டினேன் என்று கணக்கில்லை.

ஆம்பூருக்குப் பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு ஹாரனுக்கும் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண்டக்டர் விசில் ஊதினால் என் மடியில் முகத்தைப் புதைத்தாள். பக்கத்து சீட் அம்மா, "இன்னாம்மா, பிள்ளைக்குக் காது வலியா?" என்று கேட்டார். "இல்லீங்க, கேக்குது" என்று சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ!

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் படிக்க நன்றாக இருக்கும். அது பொய். பேச்சுப் பயிற்சிக்குப் போய் வருகிறோம். 'பூ' வந்துவிட்டது, 'ச' இன்னும் மூக்கில்தான் வருகிறது. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் சொன்னால் ஒன்றை மறக்கிறாள். அது மூன்று வயதுக்குள் வாங்கிய மயக்கத்தாலா, கேட்காமல் போன காலத்தாலா, இல்லை அவள் சுபாவமே அப்படியா, யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் இன்னும் ஒவ்வொரு டாக்டரிடமும் கேட்கிறேன். ஒவ்வொருவரும் சொல்ல முடியாது என்கிறார்கள். கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. நீங்களும் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். ஆனால் கேட்டுக்கொண்டே காது டெஸ்ட்டுக்கும் தேதி வாங்குங்கள்.

பள்ளிப் பதிவேட்டில் இனியாவுக்கு ஆறு வயது. நான் மனசுக்குள் வேறு வயது வைத்திருக்கிறேன். அவள் கேட்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. அதனால் அவள் ஏழு மாதக் குழந்தை மாதிரி எதையாவது கேட்டு ஆச்சரியப்பட்டால் நான் அவசரப்படுத்துவதில்லை. என் உடம்பிலும் ஒன்று மாறிவிட்டது. பேசும்போது வெளிச்சம் என் முகத்தில் விழுகிறதா என்று பார்க்கிறேன், வாயைக் கையால் மறைக்காமல் இருக்கிறேன். இனி அதற்கு அவசியமில்லை என்று தெரிந்தும் உடம்பு கேட்க மாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இனியா சமையல் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கல்லில் மாவு விழுந்து சொர்ரென்றது. அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"ம்மா, தோச கத்துது."

"ஆமாண்டி. கல்லு காய்ஞ்சிருந்தா கத்தும்."

"இன்னிக்கு மட்டுமா?"

"தெனமும்தான். எப்பவும் கத்தும்."

அவள் கல்லைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உதட்டைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தாள்.

"அப்ப நீ ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "எனக்குத் தெரியாமப் போச்சுடி தங்கம்" என்றேன். 

 அவள் என் கையில் இருந்த கரண்டியைப் பிடித்து இழுத்து, இன்னொன்று ஊற்றச் சொன்னாள்.